துளையில் நுழைந்துவிட்டால் இணைந்துவிட்டதாகுமா?

ஒன்பது பின் கொண்ட முனையைப் பதினைந்து பின் கொண்ட முனையாக மாற்றித் தரும் ஒரு கேபிளை, "பழைய மோனோகுரோம் மானிட்டரை இன்றைய கணினியோடு இணைக்கலாம்" என்ற வாசகத்தோடு விற்பவர்கள் மீதுள்ள கோபத்தை இனியும் என்னால் அடக்கிக்கொள்ள முடியாது. நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். நல்லவேளையாக, மானிட்டரில் செருகுவதற்கு முன் ஒவ்வொரு பின்னாக மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் வெறும் கம்பிகளைத் தவிர உள்ளே எதுவும் இல்லை.

என்னிடம் இருப்பது 1981-இல் முதல் ஐபிஎம் பிசியோடு வந்த 5151 என்ற, ஒரே நிறம் காட்டும் (மோனோகுரோம்) பச்சைத்திரை மானிட்டர். அது 720 × 350 புள்ளிகளை நொடிக்கு 50 முறை வரையும். அதற்குக் கிடைமட்ட அதிர்வெண், அதாவது நொடிக்கு வரையும் வரிகளின் எண்ணிக்கை, 18.432 கிலோஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். கணினியின் பதினைந்து பின் முனையில் வரும் வழக்கமான விஜிஏ சிக்னலில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான 640 × 480 கூட 31.5 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. மின்னழுத்தமும் ஒத்துவராது. விஜிஏவின் வண்ணக் கம்பிகளில் வருவது 0.7 வோல்ட்டுக்குள் ஏறி இறங்கும் அனலாக் சிக்னல். 5151 கேட்பதோ உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகளைக் கொண்ட 5 வோல்ட் டிடிஎல் சிக்னல். அந்த 0.7 வோல்ட்டை அது "இல்லை" என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

திரை இருண்டு கிடப்பதோடு போனால்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் 5151-க்குள் வரிகளின் வேகத்தைத் தானே உருவாக்கும் கிடைமட்ட ஆசிலேட்டர் கிடையாது. ஒவ்வொரு வரியும் தொடங்கும் நேரத்தைச் சொல்லி வெளியிலிருந்து வரும் சிங்க் துடிப்பே, படக்குழாய்க்கு உயர் மின்னழுத்தம் தரும் பிளைபேக் டிரான்ஸ்பார்மரை இயக்கும் பகுதியை நேராகத் தட்டி ஓட்டுகிறது. தவறான அதிர்வெண்ணில் அதைத் தட்டினால் அந்தப் பகுதி சூடேறிக் கருகும் ஆபத்து உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாக்குப்பிடித்த ஒரு மானிட்டரை, சுற்றுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் செய்த கம்பித்துண்டு பாழாக்கிவிடக்கூடும் என்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

"எச்டிஎம்ஐ அடாப்டர் ஒன்று போட்டால் போதுமே" என்று அறிவுரை சொல்பவர்களும் இந்தக் கோபத்துக்குத் தப்ப முடியாது. அவர்களில் பலர் படமும் சிங்க்கும் ஒரே கம்பியில் சேர்ந்து வரும் காம்போசிட் வீடியோவை ஒற்றை ஆர்சிஏ செருகியில் வாங்கும் வேறு வகைப் பச்சைத்திரையை வைத்திருப்பவர்கள். அது தொலைக்காட்சியின் அதிர்வெண்ணிலேயே, 15.6 கிலோஹெர்ட்ஸை ஒட்டி, ஓடுவதால் அவர்கள் வேலை எளிதில் முடிந்துவிட்டது. அதை வைத்து எல்லா மோனோகுரோம் மானிட்டரும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? 5151-க்கு வேண்டிய பிக்சல் கிளாக், அதாவது புள்ளிகளை அனுப்பும் வேகம், 16.257 மெகாஹெர்ட்ஸ்; எச்டிஎம்ஐ 25 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதே இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் இரட்டித்து அந்தத் தடையைத் தாண்டலாம் என்று முயன்றால், நான் கணக்கிட்டுக் கொடுத்த அளவுகளை வீடியோ டிரைவர் காரணம்கூடச் சொல்லாமல் நிராகரிக்கிறது. என் கணினி என்ன சிக்னல் அனுப்ப வேண்டும் என்பதை முடிவு செய்ய எனக்கு அனுமதி இல்லையாம்!

கடைசியில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் பின்களிலிருந்தே நேராகச் சிக்னலை எடுத்தேன். திரையில் தெரியாத இடைவெளியையும் சேர்த்து ஒரு வரிக்கு மொத்தம் 882 புள்ளிகள், ஒரு படத்துக்கு 369 வரிகள், கிடைமட்ட சிங்க் நேர்முகம், செங்குத்து சிங்க் எதிர்முகம் என்று ஒவ்வொன்றையும் கையால் அமைத்து, 3.3 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்த 74எச்சிடி245 சிப் ஒன்றை நடுவில் வைத்து, சிக்னலை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் துடிப்பு நிலைத்துவிட்டதை உறுதி செய்த பிறகே மானிட்டருக்கு மின்சாரம் கொடுத்தேன். எழுத்துகள் பச்சையாக, கூர்மையாக எழுந்து நின்றன. இது செய்ய முடியாத வேலையல்ல. கம்பியால் மட்டும் செய்ய முடியாத வேலை.

கேபிளை விற்றவருக்கு இந்த அளவுகள் அனைத்தையும் விளக்கி எழுதி, அந்த வாசகத்தை நீக்குமாறு கேட்டேன். "இரண்டு முனைகளும் சரியாகப் பொருந்துகின்றனவே" என்று ஒரே வரியில் பதில் வந்தது. நேற்றும் அதே கேபிள் அதே வாசகத்தோடு விற்பனையில் இருந்தது.