நெகற்றிவ் குப்பை இல்லை

வவுனியாவில் படம் கழுவுகிற அந்தக் கலர் லாப் மூடியதையும், களஞ்சிய அறையில் கிடந்த நெகற்றிவ் படச்சுருள்களை உரப்பையில் கட்டி வாசலில் போட்டதையும் எல்லோரும் பார்த்தீர்கள். போன பதிவுக்குக் கீழே "குப்பைக்கு ஏன் இவ்வளவு அழுகை" என்று ஒருவர் கேட்டிருந்தார். அது குப்பை இல்லை.

2002இல் வன்னிக்குப் போகிற ஏ9 வீதி திறந்து 2006 ஓகஸ்டில் மூடும்வரை, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மல்லாவிப் பக்கத்துக் கலியாணப் படங்களும் சாமத்தியச் சடங்குப் படங்களும் எத்தனையோ கழுவுவதற்கு வவுனியாவுக்கு வந்தன. அல்பம் வன்னிக்குத் திரும்பியது, நெகற்றிவ் இங்கேயே நின்றுவிட்டது. 2009 போரில் அந்த அல்பங்களுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்களுடையது மாத்தளனில் பங்கருக்குள் விடுபட்டது. இன்று அம்மாவிடம் அண்ணாவின் முகமாக இருப்பது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த ஒன்று மட்டும்தான். பெருப்பித்ததில் கண் இரண்டும் கறுப்புப் பொட்டாகிவிட்டது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் போராட இருந்த தாய்மாரின் கைகளிலும் இப்படிப் படங்களைக் கண்டேன். அண்ணா மாப்பிள்ளைத் தோழனாக நின்ற கலியாணப் படங்கள் கழுவப்பட்டது இந்த லாப்பில்தான். அதை எப்படி நான் குப்பை என்று சொல்ல?

"பூஞ்சணம் பிடித்தது, இனி எதற்கு?" என்கிறார்கள். ஈரத்தில் பூஞ்சணம் படம் படிந்திருக்கிற ஜெலற்றினைத் தின்னும், உண்மைதான். ஆனால் எல்லாச் சுருளையும் முழுதாகத் தின்றுவிடுவதில்லை. ஒட்டிப்போனதை உலர இழுத்தால்தான் படம் உரிந்து போகும். பூஞ்சணம் பிடிக்காத சுருளென்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டால் பல நேரம் மெல்ல விடும். வினாகிரி மணக்கிறதை உடனே வேறாக்க வேண்டும், அந்த அமிலம் பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். எரித்து வெள்ளி எடுக்கலாம் என்றும் ஒருவர் எழுதினார். ஐயா, கலர் நெகற்றிவில் வெள்ளி கழுவும்போதே போய்விடும், மிஞ்சுவது சாயம். எரித்தால் புகைதான் வரும்.

"நட்டத்தில் மூடுகிற மனிதனை ஏன் வதைக்கிறாய்?" சரி, கடையை மூடட்டும். கைபேசி வந்த பிறகு அவர் பட்ட பாடு எனக்கும் தெரியும். கதவில் ஒரு தாள் ஒட்டக்கூடவா முடியவில்லை? காசு கொடுத்துக் கழுவியது எங்கள் சனம், நெகற்றிவும் எங்கள் சனத்துடையது.

பெண்பிள்ளைகளின் படம் கண்டவன் கையில் போகக்கூடாது என்றது நியாயம். ஒன்றையும் முகநூலில் போடமாட்டோம், அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் காட்டுவோம். ஆனால் இதைச் சொன்னவர்கள் அந்தப் பைகள் வாசலில் கிடந்தபோது எங்கே இருந்தார்கள்?

கோயில் கொடிமரத்துக்கு ஒரு கிழமையில் காசு சேர்கிறது. மே மாத நினைவுநாள் வந்தால் எல்லோரும் முகப்படம் மாற்றுகிறோம். செத்துப்போன எங்கள் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் உரப்பையில் கிடந்தால் குனிந்து எடுக்க ஆளில்லை. இதுதான் எனக்கு ஆறவில்லை.

எடுக்க முடிந்த பைகள் ஒரு நண்பர் வீட்டில் இருக்கின்றன. உறைகளில் பெயரும் திகதியும் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே கழுவக் கொடுத்தவர்கள் மணமக்களின் பெயரோடு உள்பெட்டிக்கு எழுதுங்கள். ஈரம் இல்லாத, வெயில் படாத ஒரு அறை யாரிடமாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். மாரி தொடங்குவதற்கு முன் மாற்ற வேண்டும், அந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது.