சட்டம் உண்டு, ஓட்டையும் உண்டு

அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடே இல்லை என்று ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் கூறுவது சரியன்று. உரிமம் பெற்ற வணிகரிடம் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டுமென 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டம் கூறுகிறது. ஆனால் மூன்று வேலை நாள்களுக்குள் முடிவு வராவிட்டால் விற்றுவிடலாம் என்றும் அதிலேயே இருப்பதால், 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனுக்கு அவ்வழியில்தான் ஆயுதம் கிடைத்தது. தனிநபர்களுக்கிடையிலான விற்பனைக்கோ கூட்டாட்சிச் சட்டம் இந்தச் சரிபார்ப்பைக்கூட வலியுறுத்துவதில்லை. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் கொல்லப்பட்டதற்குப் பின்னர், துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் இணையத்திலும் நடக்கும் விற்பனைக்குச் சரிபார்ப்பை விரிவாக்க 2013 ஏப்ரலில் கொண்டுவரப்பட்ட மசோதாத் திருத்தம், 100 பேர் கொண்ட செனட்டில் 54 பேர் ஆதரித்தும் (அங்கே பெரும்பான்மை மட்டும் போதாதாம்!) 60 வாக்குகள் கிடைக்காமல் தோற்றது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தத்தின்மேல் மட்டும் பழிபோடும் அந்தக் கட்டுரையில் இந்த வாக்கெடுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.