வர்ணம் பூசுவதற்கு முன்னர் ஒரு படம் எடுங்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் மூன்று தலைமுறையினர் ஆர்ட் மாஸ்டர் என்று அழைத்த சுவர் ஓவியர் இம்மாதத் தொடக்கத்தில் காலமானார். பொரளை கனத்தையில் அவருடைய உடல் தகனம் செய்யப்பட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் வெளியிடவுள்ள கல்வெட்டு என்னும் நினைவு மலரில் அவருடைய முழுப்பெயரையும் வரலாற்றையும் முறையாகத் தர விரும்புவதாகவும், அதுவரை பொறுத்திருக்குமாறும் குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதால், நாம் எல்லோரும் அறிந்த அந்த அழைப்புப் பெயரையே இங்கு எழுதுகிறேன். பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில் அவர் யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய மாமனார் என்ற விபரங்கள் அனைத்தும் இருந்தன. ஆனால் அவர் வரைந்த ஒரு சுவரைப் பற்றிய குறிப்புக்கூட இல்லை. இதற்காகக் குடும்பத்தினரை யாரும் குறைகூற முடியாது. அப்படியொரு பட்டியல் அவர்களிடமும் இல்லை, அவரிடம் வேலை வாங்கிய கோயில்களிடமும் இல்லை.

அவருடைய தொழில் ஐந்துலாம்புச் சந்திக்கு அருகில் ஒரு பெயர்ப்பலகைப் பட்டறையில் பெயின்ட் கலக்கும் பையனாகத் தொடங்கியது. சிங்கள எழுத்தின் வளைவையும் தமிழ் எழுத்தின் நிமிர்வையும் ஒன்றுக்கொன்று தாழாமல் ஒரே பலகையில் அமைக்க அங்கேதான் கற்றுக்கொண்டார். பின்னர் திரையரங்குகளுக்குப் பதாகைகள் வரைந்தார். வெசாக் வந்தால் தோரணங்களுக்காகப் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைப் பலகைகளும், மார்கழி வந்தால் தேவாலயங்களின் பாலன் குடில்களுக்குப் பின்திரைகளும் அவரைத் தேடி வந்தன. அறநெறி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கூலி வாங்காமல் சித்திரம் கற்பித்ததனால்தான் மாஸ்டர் என்ற பெயரே நிலைத்தது. ஆயினும் அவர் தம்முடையதென்று கருதியது கோயில் மண்டபச் சுவர்களில் செய்த வேலையைத்தான் என்பது அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சுவர்களின் சிறப்பு எதுவென்று சொல்லாமல் அவரைப் புகழ்வதில் பயனில்லை. வள்ளி திருமணத்தை வரைந்தபோது அவர் நாட்காட்டிப் படங்களைப் பார்த்து எழுதவில்லை. மாணிக்க கங்கையையும், அதன் கரையில் வேரோடிக் கிடக்கும் மருத மரங்களையும், கதிர்காமத்துக் காட்டின் வறண்ட பச்சையையும் வரைந்து, அதற்குள் தினைப்புனத்தை வைத்தார். திருமணத்துக்குக் கூடியிருக்கும் அடியார் கூட்டத்தில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களின் தோள்களும், செட்டியார் தெரு நகைப்பட்டறைகளில் நாள் முழுவதும் குனிந்திருந்தவர்களின் வளைந்த கழுத்துகளும் தெரிந்தன. அச்சுவருக்கு முன்னால் நின்ற வயதானவர்கள், இது இன்னாருடைய முகம், அது இன்னாருடைய நடை என்று பெயர் சொல்லிக் காட்டுவதை நான் கேட்டிருக்கிறேன். பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புக்காகக் கொழும்புக்கு வந்து குடியேறிய ஒரு சமூகம், தன் தெய்வத்தின் கல்யாணத்தில் தானும் நிற்பதை அந்தச் சுவரில் கண்டது. இந்நகரத்தின் தமிழர் வாழ்வை இவ்வளவு நெருக்கமாகப் பதிவு செய்த சித்திரங்கள் வேறு எங்கும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

வேலையில் அவர் காட்டிய பொறுமையையும் சொல்லியாக வேண்டும். புதிதாகப் பூசிய சிமெந்துச் சுவரின் காரம் நிறங்களைத் தின்றுவிடும் என்பதால், பூச்சு ஒரு மாதமாவது காயாமல் அவர் தூரிகையைத் தொடமாட்டார். கடற்காற்றும் மழையும் விடாத இந்நகரத்தில் சுவருக்குள் ஊறிய ஈரம் வெளியேறும்போது உப்பையும் கொண்டுவந்து மேற்பரப்பில் பூக்க வைக்கும். அது பூத்த இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எமல்ஷனும் செதில் செதிலாக உரியும். ஆகவே முதலில் கூரை ஒழுக்கை அடைத்துவிடுங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள் என்று கோயில் பரிபாலன சபையினரிடம் நேராகச் சொல்வார். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்ட அவசரத்தில் இருந்தவர்களுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. சுவர் தயாரானதும் காகிதத்தில் வரைந்த படத்தின் கோடுகள் வழியே ஊசியால் துளையிட்டு, கரித்தூள் கட்டிய துணிப்பொட்டலத்தால் ஒற்றி உருவத்தைச் சுவருக்கு மாற்றுவார். முகங்களின் கண்களை எப்போதும் கடைசியில்தான் எழுதுவார். அன்று காலையில் எதுவும் உண்ணமாட்டார், சாரக்கட்டின் கீழே யாரையும் பேசவிடமாட்டார்.

இத்தகைய வேலையில் பெரும்பகுதி இன்று இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துவது நம் மரபு, அதை நான் மறுக்கவில்லை. திருப்பணிக்காகத் தெய்வங்களைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்யும் பாலஸ்தாபனம் முடிந்தவுடன் சுவர்களைச் சுரண்டும் வேலை தொடங்கிவிடுகிறது. முன்பு அழிந்ததை மீண்டும் வரைய அவரையே அழைத்தார்கள். பின்னர் கணினியில் அச்சிட்ட தெய்வப் படங்களைக் கொண்ட சுவர் ஓடுகள் வந்தன. கழுவ இலகு, மங்காது, ஒரே நாளில் ஒட்டிவிடலாம் என்ற காரணங்களைக் கேட்டுச் சபைகள் அவற்றுக்கு மாறின. நான் மேலே சொன்ன வள்ளி திருமணமும் அப்படித்தான் மறைந்தது. அதை உடைப்பதற்கு முன்னர் ஒரு தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்குத் தாளாத வருத்தம். அதே மண்டபத்தில் உபயகாரர்களின் பெயர்கள் சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டுப் பத்திரமாக இருக்கின்றன. அது நியாயமானது, கொடுத்தவர்களை நினைவுகூரத்தான் வேண்டும். தன் கண்ணையும் முதுகையும் கொடுத்தவருக்கு அந்தக் கல்லில் ஒரு வரி ஏன் இல்லை என்பதே என் கேள்வி.

இதே நகரத்திலும் அதன் அயலிலும் சில சுவர்களுக்குப் பெயர் இருக்கிறது. பொரளை கோதமி விகாரையில் 1939, 1940 ஆண்டுகளில் ஜோர்ஜ் கீற் வரைந்த சுவர்கள், களனி விகாரையில் சோலியஸ் மெண்டிஸ் வரைந்த சுவர்கள், கல்கிசை புனித தோமையர் கல்லூரிச் சிற்றாலயத்தில் டேவிட் பெயின்டர் 1968இல் முடித்த சுவர் ஆகியவற்றை வரைந்தவர் யாரென்று பார்க்கப் போகிறவர்கள் கேட்டறியலாம். மாஸ்டர் இந்த ஓவியர்களுக்கு நிகரானவரா என்ற ஒப்பீடு எனக்குத் தேவையில்லை. கீற்றின் கோடுகளை அவர் வியந்து பேசுவார், அந்தச் சுவர்களைப் பார்ப்பதற்காகவே பொரளைக்குப் போவார். அங்கே ஓவியரின் பெயரோடு ஓவியம் வாழ்கிறது. நம் கோயில்களில் அந்த வழக்கத்தை நாம் இன்னும் உருவாக்கவில்லை.

கோயில் வழிபாட்டிடம், அருங்காட்சியகமல்ல என்று ஒரு பரிபாலன சபை உறுப்பினர் என்னிடம் சொன்னார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. எந்தச் சுவரையும் தொடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. தொல்பொருள் சட்டத்தையும் இதில் நம்பியிருக்க முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தானாகவே காப்பவை 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவை. நேற்று வரைந்த சுவரை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பெயர் பற்றிய விடயத்தில் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பாளியின் பெயர் அவருடைய படைப்போடு குறிப்பிடப்படுவதை அவருடைய உரிமையாக ஏற்கிறது, அவர் இறந்த பின்னர் வாரிசுகள் அதைக் கோரவும் இடமளிக்கிறது. பதிப்புரிமைக் காலம் அவருடைய ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் ஆகும். சுவர் கோயிலுடையது. அதில் உள்ளதை வரைந்தவர் இவர் என்ற உண்மை கோயிலுடையதல்ல, அதை மறைக்கவும் முடியாது.

ஆகவே திருப்பணிக்கு ஆயத்தமாகும் சபைகளிடம் நான் வேண்டுவது சிறியது. சுரண்டத் தொடங்குவதற்கு முன்னர் ஒவ்வொரு சுவரையும் நேர்முகமாக, பகல் வெளிச்சத்தில், அளவுகோலொன்றை அருகில் வைத்துப் படமெடுங்கள். வரைந்தவர் பெயரையும் ஆண்டையும் திருப்பணி மலரில் அச்சிடுங்கள். இயலுமாயின் ஒரேயொரு சுவரையாவது கூரை ஒழுக்கைச் சரிசெய்து அப்படியே விட்டுவையுங்கள்.

இதை வாசிப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மாஸ்டரின் சுவர்கள் நம் வீட்டு ஆல்பங்களில் இன்னும் இருக்கின்றன. கல்யாணம், அரங்கேற்றம், பிள்ளைக்குச் சோறூட்டல் என்று அந்த மண்டபங்களில் எடுத்த படங்களில் அவை நமக்குப் பின்னால் நிற்கின்றன. தேடிப் பாருங்கள். மணமக்களின் முகத்தோடு நிறுத்திவிடாமல் சுவரும் முழுமையாகத் தெரியும்படி பிரதி எடுத்து, கோயிலின் பெயரையும் ஆண்டையும் குறித்து உட்பெட்டியில் எனக்கு அனுப்புங்கள். அந்தியேட்டிக்கு முன்னர் வருபவற்றைக் கல்வெட்டில் சேர்ப்பதாக அவருடைய மூத்த மகள் சொல்லியிருக்கிறார். பிந்தி வருபவற்றையும் கோயில் வாரியாகப் பிரித்து அவரிடமே ஒப்படைப்பேன்.