புவேர்ட்டோ வயார்ட்டாவில் நகைக்கடைக்குப் போகும் நேரம்

லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச், சான் டியாகோ துறைமுகங்களிலிருந்து மெக்சிகோவின் மேற்குக் கரைக்குச் செல்லும் குரூஸ் கப்பல்களில் கலிபோர்னியாத் தமிழ்க் குடும்பங்களை இப்போது நிறையவே பார்க்க முடிகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அதிகம் அலைக்கழிக்காமல் கடலையும் இன்னொரு நாட்டையும் காட்டிவிடலாம் என்பது அதற்கு முக்கியமான காரணம். அந்தக் கப்பல்கள் நிற்கும் ஊர்களில் ஒன்று ஹலிஸ்கோ மாநிலத்தைச் சேர்ந்த புவேர்ட்டோ வயார்ட்டா. நகரின் பண்பாட்டைக் காட்டிக் கடைகளுக்கும் அழைத்துச் செல்வதாகச் சொல்லும் அரைநாள் கரைச் சுற்றுலாவைத்தான் அங்கே பலரும் முன்பதிவு செய்கிறார்கள். என் பெற்றோருடன் நானும் அதில் போயிருக்கிறேன். யாரும் போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பண்பாட்டை ஒரு பக்கமும் கடையை இன்னொரு பக்கமும் வைத்து அந்த அரைநாளை வகுத்திருக்கும் முறை தவறானது என்றும், அதை மாற்றும்படி கேட்கிற உரிமை பணம் கட்டும் நமக்கு உண்டு என்றும் உறுதியாக நினைக்கிறேன்.

வழக்கமான ஏற்பாடு இப்படி இருக்கும். துறைமுகம் பழைய நகரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கிப் பேருந்தில் ஏறினால் முதலில் மலெகோன் என்னும் கடற்கரை நடைபாதைக்கு அழைத்துச் செல்கிறார்கள். அங்கிருக்கும் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, கோபுரத்தின் உச்சியில் கிரீடம் தாங்கிய குவாதலூப்பே அன்னை தேவாலயத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்கிறோம். 1995-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அந்தக் கிரீடம் விழுந்ததையும், பிறகு புதியது வைக்கப்பட்டதையும் வழிகாட்டி சொல்வார். அடுத்ததாக டெக்கீலா என்னும் கத்தாழை மதுவுக்கான ஒரு சுவைக்கூடம், ஒரு நகைக்கடை, ஒரு கைவினைப் பொருள் கடை. கடைசியில் 'உங்கள் விருப்பம்போல் சுற்றிப் பாருங்கள்' என்று கொஞ்ச நேரம் கிடைக்கும்.

மலெகோனில் உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்து காலில் கயிறு கட்டித் தலைகீழாகச் சுழன்று இறங்கும் பறவை நடனக்காரர்களைப் பார்க்கலாம். ஒருவர் உச்சியில் அமர்ந்து குழலும் சிறு மேளமும் இசைக்க, மற்ற நால்வர் இறங்குகிறார்கள். மரபுப்படி ஒவ்வொருவரும் 13 சுற்று. நால்வருக்கும் சேர்த்து 52. பழைய மெக்சிகோ மக்களின் காலக்கணக்கில் ஒரு பெருஞ்சுழற்சிக்கு 52 ஆண்டுகள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இந்தச் சடங்குக்குப் பேர்பெற்ற பாப்பான்ட்லா, நாட்டின் எதிர்க்கரையில் வேராகுருஸ் மாநிலத்தில் உள்ளது. பிழைப்புக்காக இவ்வளவு தொலைவு வந்து ஆடும் கலைஞர்கள் மீது எனக்கு மரியாதையே உண்டு. அவர்கள் தொப்பியை நீட்டும்போது தாராளமாகக் கொடுக்க வேண்டும். ஆனால் இந்த 52 சுற்றுக் கணக்கை எங்கள் குழுவுக்கு யாரும் சொல்லவில்லை. பேருந்து காத்திருக்கிறது என்று பாதியிலேயே கிளப்பிவிட்டார்கள்.

கிளம்பிப் போய் நின்ற இடம் ஒரு நகைக்கடை. குளிரூட்டப்பட்ட அந்தக் கூடத்தில் எங்களுக்கு முதலில் எடுத்து வைக்கப்பட்ட கல் டான்சானைட். அழகான நீலக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தான்சானியாவின் மெரெலானி மலைப்பகுதியில் மட்டுமே தோண்டி எடுக்கப்படுவது. மெக்சிகோவோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஹலிஸ்கோவிலேயே மக்தலேனா என்ற ஊர் ஓப்பல் கற்களுக்குப் பெயர்பெற்றது. அந்தக் கல்லை நாங்களாகக் கேட்டபிறகுதான் ஒரு சிறு தட்டில் எடுத்து வந்தார்கள். வெள்ளியின் கதையும் அப்படியே. லாஸ் பெனியாஸ் என்ற பெயரில் 1851-இல் தொடங்கிய இந்தக் கரையோரக் குடியிருப்பு, மேலே மலையில் இருந்த சான் செபஸ்தியான் போன்ற சுரங்க ஊர்களுக்கு உப்பு அனுப்பி வளர்ந்தது, ஏனென்றால் தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்க அன்று உப்பு வேண்டியிருந்தது. 1918-இல்தான் இன்றைய பெயர் வந்தது. இந்த ஊர் உண்டானதற்கே வெள்ளி ஒரு காரணம் என்பதை வெள்ளி விற்கும் கடையில் நின்றுகொண்டு சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் அம்மா கையில் எடுத்துப் பார்த்த மோதிரத்துக்கு வேறொரு பொருள் வந்திருக்கும்.

கப்பலிலேயே கரைக்கடைகளைப் பற்றி ஒரு விளக்கக் கூட்டம் நடத்தி, பரிந்துரைக்கப்பட்ட கடைகளின் வரைபடத்தைக் கையில் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இடம்பெறக் கடைகள் விளம்பரக் கட்டணம் செலுத்துகின்றன என்பது மறைக்கப்பட்ட செய்தி அல்ல. அந்தத் தாள்களின் அடியில் பொடி எழுத்தில் அது அச்சாகியே வருகிறது. கரையில் அழைத்துப் போகிறவர்களுக்கும் பல கடைகளில் கமிஷன் உண்டு. வழிகாட்டிகளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நாம் கப்பலில் கட்டும் கட்டணம் முழுவதும் அவர்கள் கைக்குப் போவதில்லை, அன்பளிப்பையும் கமிஷனையும் நம்பியே பலர் குடும்பம் நடத்துகிறார்கள். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதைக் கமிஷன் தீர்மானிக்கும்படி வகுத்து வைத்திருக்கும் ஏற்பாட்டின் மீதுதான் என் வருத்தம்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், அந்த ஊரில் பண்பாடும் கடையும் ஒன்றாகவே அமைந்திருக்கும் இடம் இருக்கிறது என்பதுதான். மேற்கு சியர்ரா மாத்ரே மலைத்தொடரில், ஹலிஸ்கோ, நயாரித், துராங்கோ, சகாதெகாஸ் மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் வாழும் விராரிகா மக்களின் கைவேலைகளைச் சொல்கிறேன். கடைகளில் ஹுயிச்சோல் கலை என்று எழுதி வைத்திருப்பது இவர்களுடையதே. நயாரித் கரையில் சான் பிளாஸ் அருகே கடலில் நிற்கும் வெள்ளைப் பாறையை இவர்கள் கடல் அன்னை ஹராமாராவின் இருப்பிடமாக வணங்குகிறார்கள். அங்கிருந்து கிழக்கே, சான் லூயிஸ் பொடோசி மாநிலத்தின் விரிகுட்டா வறள்நிலம் வரை நீளும் இவர்களுடைய புனிதப் பயணப் பாதை, 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மான், மக்காச்சோளம், பெயோட்டே என்னும் கள்ளி ஆகிய மூன்றும் இவர்களுடைய வழிபாட்டின் மையம். மணிவேலைக் கிண்ணத்தின் நடுவில் பார்ப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அந்தக் கிண்ணமே சுரைக்குடுவையில் செய்து தெய்வத்துக்குப் படைக்கப்பட்ட காணிக்கைப் பொருளிலிருந்து வந்தது.

செய்முறையை அருகில் இருந்து பார்க்க வேண்டும். குடுவையின் உட்புறத்திலோ மரத்தில் செதுக்கிய உருவத்தின் மேலோ மெழுகை மெல்லியதாகப் பூசிக்கொள்கிறார்கள். கடுகைவிடச் சற்றே பெரிய கண்ணாடி மணியை ஊசி முனையில் எடுத்து, துளை மேல்நோக்கி இருக்கும்படி மெழுகில் பதிக்கிறார்கள். அடுத்தது, அதற்கு அடுத்தது என்று ஒவ்வொன்றாகத்தான் வைக்க முடியும். முன்கூட்டி வரைந்து வைத்த கோடு எதையும் நான் பார்க்கவில்லை. மெழுகு பூசிய பலகையில் வண்ண நூலை அழுத்தி உருவாக்கும் நூலோவியங்களும் உண்டு. நகரின் நடுவே ஓடும் க்வாலே ஆற்றின் தீவில், மரநிழலில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. அங்கே ஒரு பெண் கிண்ணத்தின் விளிம்பை முடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என் அம்மா நின்றுவிட்டார். அவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. மணி வைக்கும் ஊசியை வாங்கிப் பார்த்து, தானும் இரண்டு மணிகளைப் பதித்துவிட்டுத்தான் அம்மா நகர்ந்தார். அந்தச் சுற்றுலாவில் பண்பாடு என்று சொல்லத்தக்க ஒன்று எங்களுக்குக் கிடைத்தது அங்கேதான், அதுவும் திட்டத்தில் இல்லாத ஓய்வு நேரத்தில்.

இந்த வேலையின் அளவைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டு உதவும். மெக்சிகோ நகரின் மக்கள் கலை அருங்காட்சியகத்தின் முயற்சியில், 2010-இல் ஒரு வோக்ஸ்வாகன் பீட்டில் காரை விராரிகாக் கலைஞர்கள் முழுவதும் மணிகளால் மூடினார்கள். 20 லட்சத்துக்கும் அதிகமான மணிகள். 9,000 மணி நேரத்துக்கும் மேலான உழைப்பு. வகுத்துப் பார்த்தால், பயிற்சி பெற்ற கை ஒரு மணி நேரத்தில் வைப்பது ஏறக்குறைய 200 முதல் 250 மணிகள். வேலைக்கு வேலை வேகம் மாறும் என்றாலும், 3,000 மணிகள் கொண்ட ஒரு சிறு கிண்ணத்தின் பின்னால் ஒரு முழுநாள் உழைப்பாவது இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. மெழுகு, மணி, குடுவை ஆகியவற்றின் விலை தனி.

ஆகவே, பேரம் பேசுவதைப் பற்றி நம்மவர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். பாதி விலைக்குக் கேளுங்கள் என்று எல்லாப் பயணக் குறிப்புகளிலும் எழுதியிருக்கிறது. நம்மில் பலருக்கு அது கைவந்த கலை, அதில் பெருமையும் உண்டு. ஆலையில் வார்த்த சாவிக்கொத்தையும், எங்கிருந்தோ கப்பலில் வந்திறங்கிய தொப்பியையும் விற்கும் கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக் குறையுங்கள். செய்தவரே எதிரில் அமர்ந்து விற்கும்போது அப்படிச் செய்யக் கூடாது. அங்கே நாம் குறைப்பது இடைத்தரகரின் லாபத்தை அல்ல, அவருடைய ஒரு நாள் கூலியைத்தான். விலை நமக்குக் கட்டுப்படியாகாவிட்டால் சிறியதாக ஒன்றை வாங்கலாம், அல்லது வணக்கம் சொல்லி நகரலாம். நகைக்கடையில் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு, தீவில் அமர்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் சில டாலர்களுக்காக நீண்ட நேரம் வாதாடிய எங்கள் குழுவினரைப் பார்த்தபோது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

பழங்குடிச் சமூகங்களின் பண்பாட்டு வடிவங்கள் அந்தந்தச் சமூகத்துக்கே உரியவை என்று பாதுகாக்க மெக்சிகோ 2022-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் இயற்றியது. ஆனால் துறைமுகக் கடைத்தட்டில் இருக்கும் போலியைச் சட்டம் வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க முடியாது. வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி மணிக்குப் பதில் பிளாஸ்டிக் மணியா, ஒரே மான் ஒரே நிறத்தில் இருபது கிண்ணங்களில் இருக்கிறதா, யார் செய்தது என்று கேட்டால் பதில் வருகிறதா என்று கவனியுங்கள். உண்மையான மணிவேலையை வெயிலில் நிறுத்திய காரில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். வெள்ளியில் 925 என்ற முத்திரையைத் தேடுங்கள். அல்பாக்கா என்று சொல்லி விற்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, அதில் வெள்ளி இல்லை. டெக்கீலா வாங்குகிறவர்கள் 100 விழுக்காடு நீலக்கத்தாழை என்று புட்டியில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பெரிய புட்டியில் மலிவாகக் கிடைக்கும் வனிலாச் சாறு மட்டும் வேண்டாம். கூமரின் என்ற பொருள் கலந்த போலிகள் அதில் புழங்குவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. அமெரிக்காவில் உணவில் அந்தப் பொருளுக்கு 1954 முதல் தடை.

கப்பலின் சுற்றுலாவையே விட்டுவிட்டு நாமாகப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். இளையவர்களுக்கு அது நல்ல வழி. நகரப் பேருந்திலோ டாக்சியிலோ மலெகோன் வந்து, நடந்தே க்வாலே தீவையும் ஆற்றங்கரைச் சந்தையையும் பார்த்துவிடலாம், சந்தையின் மாடியில் சாப்பிடவும் செய்யலாம். ஆனால் வயதானவர்களுக்கு அந்த உருளைக்கல் பாவிய தெருக்களும் ஏற்றங்களும் எளிதல்ல. அதோடு, கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. அந்த நிம்மதிக்காகத்தான் பலர் கூடுதல் கட்டணம் கொடுக்கிறார்கள். அதனால்தான் இந்தச் சுற்றுலாவைக் கைவிடச் சொல்லாமல் திருத்தச் சொல்கிறேன்.

2025 ஜூலையில் மெக்சிகோ, குரூஸ் பயணிகளிடமும் தலைக்கு 5 டாலர் வரி வாங்கத் தொடங்கியது. முதலில் 42 டாலர் என்று அறிவித்து, கப்பல் நிறுவனங்களின் எதிர்ப்புக்குப் பிறகு குறைத்து, படிப்படியாக உயர்த்தும் திட்டத்தோடு தொடங்கினார்கள். அந்த வரியைப் பற்றிக் கப்பலில் எழுந்த முணுமுணுப்பில் நான் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடும் ஊர், தன் தெருவுக்கும் தண்ணீருக்கும் ஏதாவது கேட்பது நியாயம்தான்.

முன்பதிவு செய்யும்போது கப்பலின் சுற்றுலா மேசையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்தெந்தக் கடைகளில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள், செய்கிறவர் அமர்ந்து செய்யும் இடத்துக்கு அழைத்துப் போவீர்களா, அவருக்கு அதற்காகத் தனியாக ஊதியம் கொடுக்கிறீர்களா. எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது, பயணம் முடிந்து வரும் கருத்துப் படிவத்திலும் இதையே எழுதுங்கள். நான் எழுதியிருக்கிறேன். பெரியவர்கள் உட்கார நாற்காலிகள், ஸ்பானிய மொழியும் விராரிகா மொழியும் தெரிந்த ஒருவர், கலைஞருக்கு அவருடைய நேரத்துக்கான கூலி, பார்க்க ஒரு மணி நேரம் – இவ்வளவுதான் என் வேண்டுகோள். அரைநாளில் அந்த ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது என்று நிறுவனத்தார் கேட்டால், டான்சானைட் விற்கும் கடைக்கு ஒதுக்கிய நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.