இரண்டும் ஒன்றுதானாம்!

"இரண்டும் ஒன்றுதான் சார்."

இந்த மூன்று சொற்களை இன்றைக்கு மட்டும் நான்கு முறை கேட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். ஐந்தாவது முறையும் கேட்டிருந்தால், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன் மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவின் நடுவில் உட்கார்ந்து அழுதான் என்று மாலைப் பத்திரிகையில் பெட்டிச் செய்தி வந்திருக்கும்.

அப்படி என்ன கேட்டுவிட்டேன்? வைரமா கேட்டேன்? 104 எக்ஸ்2 கண்டென்சர், 275 வோல்ட் ஏசி. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி. ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிடுகிற காசுக்கு வாங்கிவிடலாம். அதற்காக மூன்று நாள் மெட்ரோவில் போய், வெயிலில் நடந்து, தள்ளுவண்டிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்து, மூன்று நாளும் கேட்டது கிடைக்காமல் திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் பிபிசி மைக்ரோ புகைந்தது, 1980களின் கம்ப்யூட்டர் அது. அதை வைத்திருக்கிறவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மாடல் பி, 32 கேபி நினைவகம், பத்துச் சிவப்புச் சாவிகள், மூலையில் புள்ளிகளால் ஆன ஆந்தை. இருபது நிமிடம் சமர்த்தாக ஓடியது. பிறகு இடப்பக்கம் "பட்" என்று ஒரு சத்தம். காற்றுத் துளைகள் வழியாகச் சாம்பல் நிறத்தில் ஒரு புகை எழுந்து, அவசரமே இல்லாமல் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பூஜையறைக்குள் போனது. "இது எந்தக் கம்பெனி ஊதுபத்தி? நாற்றம் குடலைப் பிடுங்குகிறது" என்றார் அம்மா. கொடுமை என்னவென்றால், திரையில் கர்சர் அதுபாட்டுக்குக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே உட்கார்ந்திருக்கும் கண்டென்சர் அது. அது செத்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

உலோகப் பூச்சு ஏற்றிய காகிதத்தைச் சுருட்டி, தேன் நிறத்தில் ஓர் உறை போட்டு அந்தக் காலத்தில் செய்தார்கள். நாற்பது ஆண்டில் உறை மயிரிழை மயிரிழையாக வெடிக்கிறது. வெடிப்பு வழியாக ஈரக்காற்று காகிதத்துக்குள் இறங்குகிறது. பிறகு ஒருநாள் சுவிட்சைப் போட்டால் புகைகிறது. குளிர் நாட்டிலேயே இந்த கதி என்றால், வேர்வை காயாத சென்னைக் காற்றில் இத்தனை நாள் தாங்கியதே பெரிது. பெட்டியைத் திறந்ததுமே அதை மாற்றிவிட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என் தனிப்பட்ட விஷயம், அதற்குள் யாரும் வர வேண்டாம்.

திங்கட்கிழமை, முதல் கடை. "கண்டென்சர்" என்று வாயைத் திறந்ததுமே பையன் கேட்டான்: "ஃபேனுக்கா சார்?" இல்லை என்றேன். "மோட்டாருக்கா?" இல்லை. "கம்ப்யூட்டருக்கு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய், 2.5 மைக்ரோஃபாரட் ஃபேன் கண்டென்சரையே எடுத்துவந்தான். நான் கேட்ட 104 என்பது 0.1 மைக்ரோஃபாரட். இருபத்தைந்து மடங்கு. மருந்துக் கடையில் ஒரு மாத்திரை கேட்டவனுக்கு இரண்டரை அட்டையை வாயில் போடுகிற கணக்கு.

செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கடை. "104 தானே? இருக்கிறது சார்" என்று சடாரென்று காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். அந்த வேகத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோய்ப் பிரித்துப் பார்க்காமல் வந்துவிட்டேன். வீட்டில் பிரித்தால் துவரம்பருப்பு அளவில் ஒரு செராமிக் வட்டு. 104 என்று எழுதியிருந்தது, பொய் இல்லை. ஆனால் அது 50 வோல்ட். அதைக் கொண்டுபோய் 230 வோல்ட் மின்சாரத்தின் குறுக்கே வைத்தால் தீபாவளிதான்.

இன்றைக்குப் புதன். பெரிய கடைக்கே போய்விடுவோம் என்று போனேன். பதினொன்றரைக்கு உள்ளே நுழைந்தேன். முதலாளி தொலைபேசியில் யாருக்கோ 40 சிசிடிவி கேமரா விற்றுக்கொண்டிருந்தார். விற்கட்டும், பிழைப்பு. அந்த கேமராக்காரர்கள் புண்ணியத்தில்தான் இந்தப் பழைய கம்ப்யூட்டரின் வீடியோ துளைக்குப் பொருந்துகிற பிஎன்சி இணைப்பு எல்லாக் கடையிலும் கூடை கூடையாகக் கிடைக்கிறது. அந்த நன்றிக்காக இருபத்தைந்து நிமிடம் நின்றேன்.

நிற்கிற நேரத்தில் மைத்துனன் போன் செய்தான். "அத்தான், அதைத் தூக்கிக் காயலான் கடையில் போடுங்கள். நான் நல்ல டேப்லெட்டாக ஒன்று வாங்கித் தருகிறேன்." தம்பி, நீ காதில் வைத்துப் பேசுகிறாயே, அந்தக் கருவிக்குள் இருக்கும் ஆர்ம் சிப்பின் குலமுதல்வர் யார் தெரியுமா? இந்தப் பெட்டியைச் செய்த ஏகார்ன் கம்பெனியில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் உருவாக்கியது அது. 1985 ஏப்ரலில் முதல் சிப் வந்தபோது அதை மாட்டிப் பார்த்ததே ஒரு பிபிசி மைக்ரோவோடுதான். பாட்டனைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்லிப் பேரன் மூலமாகவே போன் செய்கிறாய். இதையெல்லாம் சொன்னேனா? "சரிப்பா, பார்க்கிறேன்" என்றேன். மனைவியின் தம்பி.

முதலாளி போனை வைத்தார். என் சீட்டை வாங்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். ஓர் இழுப்பறையைத் திறந்தார், கிளறினார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார். கடைசியில் பச்சை நிறத்தில், கொழுக்கட்டைபோல் பளபளவென்று ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தவர் மாதிரி பெருமூச்சு விட்டார்.

பார்த்தேன். 104, 400 வோல்ட். "ஐயா, நான் கேட்டது 275 வோல்ட் எக்ஸ்2."

"சார், 275 பெரிதா, 400 பெரிதா?"

"400 தான்."

"பிறகென்ன? உங்களுக்கு அதிகமாகத்தான் கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான் சார்." இது முதல் முறை.

"இது 400 வோல்ட் டிசி. நான் கேட்பது ஏசி."

"ஏசியோ டிசியோ, கரண்ட் கரண்ட்தானே. இரண்டும் ஒன்றுதான் சார்." இரண்டாவது முறை.

இங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். எந்தச் சனியன் என் நாக்கில் உட்கார்ந்ததோ, அங்கே கிடந்த பழைய பில்லின் முதுகில் கணக்குப் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன். வீட்டில் வருவது 230 வோல்ட் என்கிறோம். அது ஒவ்வொரு அலையின் உச்சியிலும் 1.414 மடங்கு ஏறி 325 வோல்ட்டைத் தொடுகிறது, நொடிக்கு நூறு தடவை. லிஃப்ட் மோட்டாரோ பம்ப்செட்டோ ஓடி நிற்கும்போது ஆயிரத்துக்கு மேலும் துள்ளும். எக்ஸ்2 என்கிற முத்திரை அந்தத் துள்ளலுக்காகத்தான். உள்ளே ஒரு புள்ளி பொசுங்கினாலும் அந்த இடத்துப் பூச்சு மட்டும் ஆவியாகி, தானே ஆறிக்கொள்ளும், தீப்பிடிக்காது என்று சோதித்துப் பார்த்துத் தருகிற முத்திரை. சாதாரணக் கண்டென்சரை அங்கே வைப்பது பால்காரரைக் கூட்டிவந்து யானைக்குப் பாகனாக உட்காரவைப்பது மாதிரி. இரண்டு பேருக்கும் மிருகம் பழக்கம்தான், ஆனால்...

நிமிர்ந்து பார்த்தேன். எனக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். முதலாளி மிகுந்த கனிவோடு கேட்டார்: "சார் காலேஜில் லெக்சரரா?"

இல்லை என்றேன். "எதற்கு இது?" என்றார். சொன்னேன். அவர் முகத்தில் இரக்கம் பரவியது. கடையில் மருந்து இல்லாதபோது மருந்துக் கடைக்காரர் காட்டுகிற இரக்கம். "அதை ஏன் சார் நோண்டுகிறீர்கள்? பவர் சப்ளையையே தூக்கிப் போடுங்கள். 12 வோல்ட் அடாப்டர் தருகிறேன், கேமராவுக்குப் போடுவது, ஒரு வருடம் வாரண்டி."

"ஐயா, அதற்கு வேண்டியது 5 வோல்ட்."

"12 அதிகம்தானே? 5 என்ன, 12 என்ன, இரண்டும் ஒன்றுதான் சார்." மூன்று.

32 கேபி நினைவகமும் 6502 சிப்பும் 12 வோல்ட்டில் அப்பளமாகப் பொரிவதை மனக்கண்ணில் பார்த்தேன். குரல் நடுங்கியது. "அதோடு மைனஸ் 5 வோல்ட்டும் வேண்டும்."

"மைனஸா? வயரை மாற்றிக் கொடுத்தால் மைனஸ். இரண்டும் ஒன்றுதான் சார்."

நான்கு. இதில் பாதி உண்மை இருப்பதுதான் எனக்கு எரிச்சலே. பின்னால் நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபேன் கண்டென்சர் வாங்க வந்தவர். அவருக்கு உடனே கிடைத்தது.

வீட்டுக்கு வந்தேன். கோபத்தில் பரண்மேல் ஏறினேன். கோபம் வந்தால் பரணைச் சுத்தம் செய்வது எங்கள் பரம்பரை வியாதி. பின்மூலையில், மூன்று வருடத்துக்கு முன்னால் வாங்கி எட்டே மாதத்தில் மண்டையைப் போட்ட ஓர் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குப் போடுகிற பவர் சப்ளைப் பெட்டி, கிடந்தது. போகிக்குப் போகி மனைவி தூக்கிப்போடச் சொல்லி, நான் ஒளித்துவைத்தது. நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே, மின்சாரம் நுழையும் வாசலிலேயே, மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி. தூசியை ஊதினேன். 0.1, எக்ஸ்2, 275.

எஸ்எம்பிஎஸ் எந்தக் கடையில் வாங்கியது என்று பில்லைத் தேட வேண்டியதே இல்லை, பெட்டியின் முதுகிலேயே வாரண்டிச் சீட்டு ஒட்டியிருந்தது. இன்றைக்கு நான் இருபத்தைந்து நிமிடம் நின்ற அதே கடை. ஆக, அவர் எக்ஸ்2 விற்கிறவர்தான். அது வேண்டும் என்று கேட்பவருக்கு மட்டும் விற்கமாட்டார்.

பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்கி, பழைய ஈயப் பற்றை உறிஞ்சி எடுத்து, கால்களைக் கொஞ்சம் வளைத்துப் புதியதைப் பொருத்தினேன். புதியது என்பதும் பழையதுதான். அம்மாவைப் பூஜையறையிலிருந்து வெளியே வரச் சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். முதலில் தாழ்ந்த குரலில் ஒரு முனகல். அது மட்டும் நிற்காமல் முனகிக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டர் விழிக்கவில்லை என்று அர்த்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்தது அந்த உயர்ந்த "பீப்".

"வாஷிங் மெஷின் முடிந்துவிட்டது போலிருக்கிறது, துணியை எடுத்துக் காயப்போடுங்கள்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. போய்ப் பார்த்தேன். வாஷிங் மெஷினில் இன்னும் 22 நிமிடம் இருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். 1984இல் மத்திய அரசு கிளாஸ் என்று ஒரு திட்டம் போட்டுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது இந்த பிபிசி மைக்ரோவைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போவோம், ஒரு கம்ப்யூட்டருக்குப் பத்துப் பேர். என் முறை நான்கு நிமிடம். அதில் இரண்டே வரி எழுதுவேன். 10ஆவது வரியில் என் பெயரை பிரிண்ட் செய்யச் சொல்லி, 20ஆவது வரியில் கோட்டு (GOTO) 10, அதாவது மறுபடி 10ஆவது வரிக்கே போ. திரை முழுவதும் என் பெயர் ஓடும். மணி அடிக்கும்வரை ஓடும். அதை மறுபடி ஒருமுறை பார்ப்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

அதே இரண்டு வரியைத் தட்டினேன். ரன் கொடுத்தேன். என் பெயர் ஒரே ஒரு தடவை வந்தது. அடியில்: "மிஸ்டேக் அட் லைன் 20".

உற்றுப் பார்த்தேன். கோட்டுவில் முதல் எழுத்தான 'ஜி' விழவில்லை. அந்தச் சாவி செத்துவிட்டது. வெறும் 'ஓட்டு' (OTO) என்றுதான் பதிந்திருந்தது. கோட்டு, ஓட்டு, இரண்டும் ஒன்றுதானே என்று போகவில்லை, கவனித்தீர்களா! நாற்பது வயதுப் பெட்டி. தப்பு எத்தனையாவது வரியில் என்பதுவரை சொல்கிறது. சிரித்துவிட்டேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். என்னவோ ஏதோ என்று அம்மா எட்டிப்பார்த்துவிட்டு, விபூதி எடுக்கப் போனார்.

ஆக, நாளைக்கு மறுபடியும் ரிச்சி தெரு. சாவிக்கு ஒரு சுவிட்ச் வேண்டும் என்று கேட்பேன். காலிங் பெல் சுவிட்சை எடுத்து வைப்பார். அதையும் வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் இருக்கிறேன். எங்கள் வீட்டுக் காலிங் பெல் மூன்று மாதமாக அடிப்பதில்லை. போன வாரம் ஒரு கூரியர்காரர் வந்து, கதவைத் தட்டக்கூட மனமில்லாமல், "வீடு பூட்டியிருந்தது" என்று செய்தி அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன் ஐயா நான்! என் காலைத் தாண்டித்தானே போனீர்கள்?