12.5 நானோ செகண்ட் கணக்கு

அண்ணாச்சி, "80 மெகாஹெர்ட்ஸ் கவுண்டர் இருந்தால் எந்த சிக்னலையும் 12.5 நானோ செகண்ட் துல்லியத்தில் அளக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. இந்தக் கவுண்டர் நொடிக்கு 8 கோடி எண்ணும்; 12.5 நானோ செகண்ட் என்பது அதில் ஒரு எண்ணிக்கையின் அகலம். துல்லியம், எண்ணும் வேகத்துக்குத் தாளம் போட உள்ளே இருக்கும் கிரிஸ்டலைப் பொறுத்தது.

நம்ம பணகுடிப் பக்கத்துக் காற்றாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் தண்டு நிமிடத்துக்கு 1500 சுற்று, சுற்றுக்கு ஒரு பல்ஸ் (மின் துடிப்பு) என்றால் நொடிக்கு 25, அதாவது 25 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்குள் கவுண்டர் 32 லட்சம் எண்ணிவிடும். அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தெரியவே தெரியாது. ஆனால் கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 50 பிசகினால் 160 எண்ணிக்கை போச்சு.

அதே தண்டில் சுற்றுக்கு 2000 பல்ஸ் தரும் என்கோடரை (சுழற்சியைப் பல்ஸாக மாற்றும் கருவி) மாட்டுங்கள். இப்போது 50 கிலோஹெர்ட்ஸ். ஒரு பல்ஸுக்கு 1600 எண்ணிக்கைதான். ஒன்று தவறினாலே 31 ஹெர்ட்ஸ் ஆட்டம் காட்டும். காற்றுதான் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் (நானும் உட்கார்ந்திருக்கிறேன்). இதற்காக வேகமான கவுண்டர் வாங்க வேண்டாம். 100 பல்ஸைச் சேர்த்து அளந்தால் அந்த ஆட்டம் நூறில் ஒரு பங்காகிவிடும். 2 மில்லி செகண்டுக்கு ஒரு அளவு வரும், காற்றாலைக்கு அது தாராளம். கிரிஸ்டல் பிசகு மட்டும் அப்படியே நிற்கும். அதற்குக் கிரிஸ்டலுக்குப் பதிலாக வெளியிலிருந்து நல்ல கிளாக் சிக்னல் கொடுக்க வேண்டும்.