அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடுறோம் சார்

மாணவர்களை நாடக அரங்கங்களின் மேடைக்குப் பின்னால் கூட்டிப் போய்க் காட்டும் சுற்றுலா. ஒரு நாளில் 4 அரங்கம். 45 மாணவர்கள். ஒரே பஸ். இந்தக் கணக்கைப் போட்டவர் வாழ்நாளில் ஒருமுறைகூட மேடைக்குப் பின்னால் வேலை நேரத்தில் நின்றிருக்க மாட்டார். நின்றிருந்தால் கை கூசியிருக்கும்.

10 மணிக்கு வருவதாகச் சொன்ன குழு 11:45க்கு வருகிறது. உள்ளே செட் பிரிக்கும் வேலை உச்சத்தில் இருக்கிறது. அடுத்த நாடகத்தின் லாரி பின்வாசலில் வந்து நின்றாயிற்று. இப்போது முடியாது என்கிறார் ஸ்டேஜ் மேனேஜர். அதற்கு வந்த பதிலைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன்.

அந்த அஞ்சு நிமிஷத்தை ஒவ்வொரு நொடியாகச் சொல்லியே தீர வேண்டும்.

மேடைக்கு மேலே தொங்கும் பைப்பில் 120 கிலோ பின்திரை கட்டியிருக்கிறது. அதைச் சமன் செய்ய, பக்கச் சுவரை ஒட்டி ஓடும் எடைச் சட்டத்தில் பத்துப் பத்து கிலோவாக 12 இரும்புக் கட்டிகள். பைப்பின் சொந்த எடைக்கு உள்ளவை தனி, அவற்றை யாரும் தொடமாட்டார்கள். பிரிக்கும்போது பைப் தரைக்கு இறங்கும், எடைச் சட்டம் உச்சிக்கு ஏறும். உச்சியில் பால்கனி மாதிரி ஒரு நடைமேடை, அங்கே நிற்பவர் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுப்பார். 12ம் வந்த பிறகுதான் கீழே திரையை அவிழ்க்கலாம். முதலில் எடை, பிறகு திரை. இந்த வரிசை மாறக்கூடாது. மாறினால் பைப் பக்கம் கனம் இருக்காது; எடைச் சட்டம் கீழ்நோக்கிப் பாயும், பைப் கூரைக்குப் பறக்கும், இரும்புக் கட்டிகள் தெறிக்கும்.

8 கட்டி எடுத்தாயிற்று. கீழேயிருந்து குரல்: “அண்ணா, மேல என்ன பண்றீங்க? இந்தப் பக்கம் திரும்புங்க, ஒரு போட்டோ!” அவர் திரும்புகிறார். கூட வந்த பொறுப்பாளர், அதட்ட வேண்டியவர், “கொஞ்சம் விளக்கமா சொல்லுங்களேன், பசங்க தெரிஞ்சுக்கட்டும்” என்கிறார். உச்சியில் நின்று இரும்பு எண்ணுகிறவரிடம் விளக்கம் கேட்கிறார்! மரியாதைக்காக அவர் ரெண்டு வார்த்தை சொல்கிறார். எண்ணிக்கை தவறுகிறது. “முடிஞ்சுது” என்று குரல் கொடுக்கிறார். முடியவில்லை. 4 கட்டி, 40 கிலோ, சட்டத்திலேயே இருக்கிறது. கீழே உள்ளவர்கள் அந்தக் குரலை நம்பித் திரையை அவிழ்த்துவிட்டார்கள்.

இப்போது அந்த 40 கிலோவைப் பிடித்துக்கொண்டிருப்பது, எடைச் சட்டத்தை ஏற்றி இறக்க இழுக்கும் கயிற்றின் பூட்டு ஒன்றுதான். பார்க்கப் பெரிய லீவர் மாதிரி இருக்கும், ஆனால் அது பிரேக் இல்லை. சமநிலையில் இருக்கும் கயிறு நகராமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டும் வைத்தது. 20, 25 கிலோ வித்தியாசத்துக்கு மேல் அதை நம்பக்கூடாது. கயிறு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வழுக்க ஆரம்பித்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மாணவர் லீவர் மேல் மாட்டியிருந்த இரும்பு வளையத்தைக் கழற்றி, லீவரில் கை வைத்து, செல்ஃபிக்குச் சிரிக்கிறார். கீழ்நோக்கி ஒரு இழுப்பு போதும். அவருக்கு நேர் மேலே 40 கிலோ இரும்பும் அதைத் தாங்கும் சட்டமும்.

கயிற்றுப் பக்கம் இருந்த தொழிலாளி ஓடிவந்து அந்தக் கையைத் தட்டிவிட்டு, முன் கயிற்றையும் பின் கயிற்றையும் சேர்த்து முறுக்கி, முறுக்கில் கட்டையைச் செருகிப் பிடித்துக்கொண்டே “தலை!” என்று கத்தினார். மேடையில் அந்தக் கத்தலுக்கு அர்த்தம் ஒன்றுதான்: நின்று அண்ணாந்து பார்க்காதே, விலகி ஓடு. 45 பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாருமே சொல்லிக்கொடுக்கவில்லையே, பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. லீவர் என்றிருந்தால் இழுத்துப் பார்க்கத் தோன்றுகிற வயசு. கூட்டி வந்தவர்மேல்தான் ஆத்திரம். எல்லாம் அடங்கிய பிறகு அவர் சொன்னது: “உங்க ஆளுங்க ஏன் இப்படிக் கத்துறாங்க, பசங்க பயந்துட்டாங்க.”

பயப்படட்டும் ஐயா! பயம்தான் அங்கே முதல் பாடம்.

45 பேரின் பைகளையும் குவித்த இடம் எது தெரியுமா? தீத்திரை, அதாவது தீப்பிடித்தால் மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே இறக்கும் தடுப்புத் திரை, இறங்கும் கோடு. தரையில் பட்டையாக வண்ணம் அடித்து, பொருள் வைக்காதே என்று எழுதியும் இருக்கிறது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இராக்வாய் தியேட்டரில் பகல் காட்சி. வில் விளக்கின் (ஆர்க் லைட்) பொறி திரைச்சீலையில் பற்றியது. இறக்கிய தீத்திரை பாதியில் சிக்கி நின்றுவிட்டது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். விடுமுறைக் காலம் என்பதால் குழந்தைகள் ஏராளம். பாதியில் நிற்கும் தீத்திரை என்ன செய்யும் என்பதற்கு அன்று கொடுத்த விலை அது. அந்தக் கோட்டின் மேல்தான் தண்ணீர் பாட்டிலும் முதுகுப்பையும்.

இத்தனைக்கும் மாணவர்கள் பார்த்தது என்ன? மேடையின் பக்கவாட்டு மறைவான விங்ஸின் நீல விளக்கு வெளிச்சத்துக்குக் கண் பழகும் முன்பே போனில் டார்ச். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒரு டார்ச் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. நடிகர்கள் கையில் எடுக்கும் பொருட்களை வைக்கும் ப்ராப்ஸ் மேஜையில் ஒவ்வொரு பொருளுக்கும் டேப்பால் கட்டம் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, கத்தியை எடுத்து வேறு கட்டத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். இரவு நடிகர் இருட்டில் அந்தக் கட்டத்தைத்தான் கையால் தடவுவார். அங்கே கத்தி இருக்காது.

ஒழுங்காகக் கூட்டி வருவது மலையைப் புரட்டும் வேலையா? ஒரு நாளைக்கு 2 அரங்கம், காலையில் ஒன்று, மதியம் ஒன்று. 11, 12 பேராக 4 பிரிவு: மேடை, உடை அறை, ஒளிக் கட்டுப்பாட்டு அறை, பார்வையாளர் இருக்கை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னால் வருபவர்தான் முக்கியம், காணாமல் போகிறவர்கள் எல்லாம் கடைசியில் நடப்பவர்கள். விரல் மூடிய செருப்பு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை பாக்கெட்டுக்குள். ஒரு வாரம் முன்பே ஸ்டேஜ் மேனேஜரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அன்றைக்கு மேலே வேலை நடக்குமா? நடக்கும் என்றால் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து பார்த்தாலே ஒரு திரை எப்படி ஏறி இறங்குகிறது என்று முழுசாகப் புரியும். தாமதமாகிவிட்டதா? அந்த அரங்கத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், இது சுற்றுலாக்காரர்களுக்கு இல்லை. இரவு எல்லோரும் போன பிறகு நடு மேடையில் ஸ்டாண்டில் ஒற்றை பல்பு எரியுமே, அதைக் கரண்ட் மிச்சம் என்று அணைத்துவிட்டுப் போகும் நிர்வாகி யார்? காலையில் முதலில் நுழைபவர் கும்மிருட்டில் சுவிட்ச் தேடி நடக்கும்போது, இசைக்குழுவுக்கான பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரிவதற்கு அந்த ஒரு பல்புதான். ஒரே ஒரு பல்பு. அதை அணைக்காதீர்கள்.